பூங்காவுக்குள் அருங்காட்சியகம் நீளும்போது டேப்பை எடுங்கள்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி தியோடர் ரூஸ்வெல்ட் பூங்கா. என் மகள் நடை பழகியது அங்கேதான். அவள் டைனோசர் எலும்பைப் பார்த்து வாய்பிளந்து நின்றது, அதே பூங்காவில் இருக்கும் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். கொலம்பஸ் அவென்யூ பக்கம், பூங்காவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, அருங்காட்சியகத்துக்கு கில்டர் மையம் என்ற புதுக் கட்டடம் வரப்போகிறது என்று 2014இல் அறிவிப்பு வந்தபோது, இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பூங்காவுக்கும் இப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

"பூங்கா பாதிக்கப்படுமா?" என்று கேட்காதீர்கள். "இல்லை" என்றுதான் பதில் வரும். "இப்போதுள்ள சுவருக்கு வெளியே எத்தனை சதுர அடி?" என்று கேளுங்கள். இங்கே 2015 வரைபடத்தில் அது சுமார் 11,600 சதுர அடி. கால் ஏக்கருக்குச் சற்று மேல். சென்னைக் கணக்கில் ஐந்து கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. கட்டடத்தின் மீதி எங்கே போனது? பழைய கட்டடங்கள் மூன்றை இடித்து, புதியதில் 80 சதவீதத்தை அருங்காட்சியகத்தின் பழைய எல்லைக்குள்ளேயே அமைத்தார்கள். அதனால் அடுத்து கேட்க வேண்டியது, "உள்ளே இன்னும் எதை இடிக்கலாம்?" என்பதுதான்.

அப்புறம் வரைபடத்தை எடுத்துக்கொண்டு பூங்காவுக்கே போங்கள். நானும் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு அடி டேப்போடு போய், புதுக் கட்டடத்தின் எல்லை வரும் இடமெல்லாம் சாக்பீஸால் குறித்தோம். காகிதத்தில் சின்னதாகத் தெரிந்த எண்ணுக்குள் நான் தினமும் உட்காரும் பெஞ்சு இருந்தது. கோடு போட்டதைப் பார்த்து நின்றவர்கள் அரை மணி நேரம் பேசினார்கள். எந்தத் துண்டுப் பிரசுரத்துக்கும் அப்படிக் கூட்டம் சேரவில்லை.

மரங்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "சில மரங்கள்" என்றால் யாருக்கும் வலிக்காது. ஒரு ஆங்கில எல்ம் மரமும் ஒரு 'பின் ஓக்' (pin oak) மரமும் இங்கே தப்பின. வெட்டாத மரமும் சாகும்: கிளை விரியும் வட்டத்துக்குள் லாரி நின்றால் மண் இறுகி வேருக்குக் காற்று போகாது. அந்த வட்டம் முழுவதற்கும் வேலி வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

வழக்குப் போடுமுன் நிலத்தின் பழைய சட்டத்தைப் படியுங்கள். சிகாகோ ஏரிக்கரையில் 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் கட்டவிருந்த அருங்காட்சியகத்தை எதிர்த்த பூங்கா அமைப்புக்கு, பொது நிலத்தை அரசு மக்களுக்காகவே காக்க வேண்டும் என்ற பொதுச்சொத்துக் கோட்பாடு துணைநின்றது. 2016இல் லூகாஸ் அங்கிருந்து விலகினார். இங்கே நிலைமை வேறு. 1876ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பூங்கா இருக்கும் சதுக்கத்தையே அருங்காட்சியகத்துக்கென ஒதுக்கியிருந்தது. அக்கம்பக்கத்தார் போட்ட வழக்கு 2018இல் தள்ளுபடியானது.

ஆகவே உங்கள் பலம் முழுவதும் வரைபடம் இறுகுவதற்கு முன்னால்தான். சுற்றுச்சூழல் ஆய்வில் எதையெல்லாம் சேர்ப்பது என்று கருத்துக் கேட்கும் முதல் கூட்டத்துக்கே போங்கள். எழுத்தில் கொடுங்கள், ஒரு தாளில் ஒரு கேள்வி. நியூயார்க்கில் இறுதி அறிக்கை அவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீண்ட கடிதத்தில் நல்ல கேள்வி புதைந்துவிடும்.

சரி, கட்டி முடித்துவிட்டார்கள். அப்போதும் பழைய அளவுத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். 2023 மே மாதம் கில்டர் மையம் திறந்த பிறகு நான் அதே டேப்போடு போனேன். சுவரிலிருந்து நடைபாதை வரை, புதுப் பெஞ்சுகள், வேலிக்குள் நின்ற மரங்கள் என்று ஒவ்வொன்றாக அளந்து, எண்ணி, அந்தத் தாளிலேயே குறித்துக்கொண்டு வந்தேன்.