தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடுமா?

இரண்டு ஊர்களுக்கு நடுவே வான்வழித் தூரம் எவ்வளவு என்று தேடி, வந்த கிலோமீட்டரை விமானத்தின் வேகமான மணிக்கு 850 கி.மீ.ஆல் வகுத்து, இவ்வளவு நேரத்தில் போய்விடலாம் என்று முடிவு கட்டுபவர்கள் நிறையப் பேர். நீண்ட பயணத்துக்கு இது ஓரளவு ஒத்துவரும். 400 கி.மீ.க்குப் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம்கூட வராது, டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். காரணம், விமானம் கேட்டை விட்டு நகர்ந்து, ரன்வே வரை ஊர்ந்து, வரிசையில் காத்திருந்து, ஏறி, இறங்கி, அந்தப் பக்கத்துக் கேட்டில் போய் நிற்கும் வரை எல்லாமே அந்த நேரத்தில் அடக்கம். 850, 900 என்பதெல்லாம் உயரே சீராகப் பறக்கும்போது உள்ள வேகம்தான்.

அதைவிட அதிகம் நடக்கும் தவறு, புறப்படும் நேரத்தைச் சேரும் நேரத்திலிருந்து அப்படியே கழிப்பது. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். லண்டனில் காலை 11 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் அது 3 மணி நேரப் பயணம் இல்லை, நடுவில் 5 மணி நேர வித்தியாசம் இருக்கிறது, ஆக 8 மணி நேரம். டோக்கியோவில் மாலை கிளம்பினால் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலையிலேயே இறங்கலாம். கழித்துப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

சரி, போக 8 மணி என்றால் வரவும் 8 மணிதானே? இல்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று, நியூயார்க்கிலிருந்து லண்டன் வரும்போது பின்னாலிருந்து தள்ளும், போகும்போது முகத்தில் அடிக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து 5 மணி நேரத்துக்குள்ளேயே லண்டன் வந்துவிட்டது. (பூமி சுற்றுவதால்தான் இந்த வித்தியாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது.)

தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போடுவதும் வேண்டாம். டோக்கியோ–நியூயார்க் குறுக்குவழி அலாஸ்கா பக்கமாக வளைந்து போகும்; சுற்றிப் போவது போலத் தெரிந்தாலும் உருண்டைப் பூமியில் அதுதான் கிட்ட. அந்தக் குறுக்குவழியிலேயே எப்போதும் பறக்க முடியும் என்றும் இல்லை. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஒன்பது பத்து மணி நேரத்திலிருந்து 13 மணி நேரத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. இரு நகரங்களுக்கும் நடுவே உள்ள தூரமோ அதேதான்.

அப்புறம் அலகு. விமானத் துறையில் மைல் என்றால் பெரும்பாலும் கடல் மைல், அதாவது 1.852 கி.மீ.; சாலை மைல் 1.609 கி.மீ.தான். 3,000 மைலில் 700 கி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அதே மாதிரி, கணக்குப் போட்டு 7.5 மணி என்று வந்தால் அது 7 மணி 30 நிமிடம், 7 மணி 50 நிமிடம் இல்லை.