கேனிமீடின் பனியில் ஆக்சிஜனைப் பிடிப்பது எப்படி?

நாம் தேடுவது வியாழனின் நிலவான கேனிமீடின் பனிக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் ஆக்சிஜனை. இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு இருந்தால்தான் ஒரே ஃபோட்டானை (ஒளித்துகளை) இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும், அப்போது நிறமாலையில், அதாவது அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியில், 577, 627 நானோமீட்டர் பக்கம் இரண்டு பள்ளங்கள் விழும். 1995-இல் வானியலாளர் ஜான் ஸ்பென்சர் குழுவினர் கேனிமீடில் கண்டதாக அறிவித்தது இதைத்தான். ஆழம் ஒன்றிரண்டு சதவீதம்தான், அதனால் சிக்னல் இரைச்சலைவிட 500 மடங்காவது இருக்கும்படி நிறையப் படங்களை எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த இரவில் பார்ப்பது? கேனிமீட் வியாழனுக்கு மேற்கே மிகத் தள்ளி நிற்கும் இரவில். அப்போதுதான் அதன் பின்முகம், அதாவது சுற்றுப்பாதையில் போகும் திசைக்கு முதுகு காட்டும் பக்கம், நமக்குத் தெரியும். வியாழனின் காந்தப்புலத்தோடு சுழலும் மின்துகள்கள் கேனிமீடைவிட வேகமாக ஓடி வந்து அந்தப் பக்கத்தில்தான் மோதுகின்றன. பனி உடைந்து, ஹைட்ரஜன் ஓடிவிட, ஆக்சிஜன் தங்கிவிடுகிறது. ஆனால் ஆக்சிஜன் உறைவது 54 கெல்வினில், கேனிமீடின் பகலோ 100 கெல்வினைத் தாண்டும். அப்படியும் அது அங்கே அடர்ந்து கிடக்கிறது என்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.

பெரிய தொல்லை நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று. அதன் ஆக்சிஜனும் 628 பக்கத்தில் கோடுகளைப் போடும், அதனால் முதலில் 577-ஐ நம்புங்கள். சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தை வானில் அதே உயரத்தில், அதே இரவில் படமெடுத்து, கேனிமீடின் நிறமாலையை அதனால் வகுத்தால் சூரியக் கோடுகளும் காற்றின் கோடுகளும் பெரும்பாலும் போய்விடும். வியாழனின் சிதறிய ஒளியையும் கழிக்க மறக்காதீர்கள்: அதன் மீத்தேன் 619-இல் ஒரு பட்டை போட்டு 627-க்குப் பக்கத்தில் குழப்பும், ஆகவே நிறமாலைக் கருவிக்குள் ஒளி நுழையும் பிளவின் இரண்டு ஓரத்திலும் உள்ள வானத்தை அளந்து கழிக்க வேண்டும்.

அப்புறம் பின்னணிக் கோடு, அதாவது பள்ளமே இல்லாவிட்டால் நிறமாலை போகும் கோடு, பொருத்தும்போது கை அடக்கமாக இருங்கள். பள்ளங்கள் சில நானோமீட்டர் அகலம் கொண்டவை, வளைவை அதிகம் நெளிய விட்டால் அது பள்ளத்தையே விழுங்கிவிடும். பள்ளத்துக்கு வெளியே உள்ள புள்ளிகளை மட்டும் வைத்து நேர்கோடோ இருபடிக் கோடோ போட்டால் போதும்.

வியாழனின் மற்ற நிலவுகளான யூரோப்பா, கலிஸ்டோவிலும் இதே பட்டைகள் உண்டு, ஆனால் இன்னும் மெல்லியவை. கேனிமீடில் கை பழகிய பிறகு போங்கள்.

மூன்றரை நாள் கழித்து, கேனிமீட் கிழக்கே நிற்கும்போது முழு வேலையையும் மறுபடி செய்யுங்கள். முன்முகத்தில் பள்ளம் நன்றாகக் குறைய வேண்டும். அதே ஆழத்தில் இருந்தால், நீங்கள் பிடித்தது நம் காற்றில் உள்ள ஆக்சிஜனாகத்தான் இருக்கும்.