புதிதாகப் பழக்கிய இளங்குதிரையில் பயமில்லாமல் ஏற

ரைடிங் ஸ்கூலில் ஒன்றிரண்டு வருடம் ஓட்டிவிட்டு, ஆசையாகச் சொந்தக் குதிரை வாங்கியவர்கள் என்னிடம் வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அங்க கேன்டர் வரைக்கும் போனேன். இது மேல ஏறினா வாக்கிலேயே கை நடுங்குது." (வாக் என்றால் குதிரையின் சாதாரண நடை, ட்ராட் சிற்றோட்டம், கேன்டர் அதைவிட வேகமான பாய்ச்சல்.) நடுங்குவது இயல்பு. ஸ்கூல் குதிரை வயதானது, நூறு பேரைச் சுமந்தது. நீங்கள் தப்பாகச் சொன்னாலும் சரியாகச் செய்துவிடும். மூன்றரை வயதுக் குட்டிக்கு அந்த அனுபவம் கிடையாது. அது உங்களிடம்தான் கேட்கும்: "இது ஆபத்தா, இல்லையா?"

இந்தக் கேள்விக்கு உடம்பால் பதில் சொல்லத் தெரிவதைத்தான் நான் தைரியம் என்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு வரவழைத்த தைரியம் குதிரையிடம் செல்லாது. எந்த நேரத்திலும் நிறுத்த முடியும், எந்த நேரத்திலும் இறங்க முடியும் என்று உங்கள் கைகால்களுக்குத் தெரிந்துவிட்டால் நடுக்கம் தானாகக் குறையும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில்தான் நான் குட்டிகளைப் பழக்குகிறேன். இப்போது கையில் இருப்பது மின்னி. அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய மார்வாரி இனக் கலப்பு, செவலை நிறம், பெண் குதிரை. வாங்கிய குடும்பம் உடம்பில் உள்ள ரோமச் சுழி எல்லாம் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறது. சுழி பார்ப்பது அவரவர் நம்பிக்கை. நான் பல்லையும் முதுகையும் பார்ப்பேன். இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரை குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். அந்தச் சமயத்தில் கடிவாளம் பட்டால் வலிக்கும், தலையை உதறும். ஓட்டுகிறவர் அதைத் திமிர் என்று நினைத்துக்கொள்வார். அதனால் ஏறுவதற்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டிவிடுங்கள். சேணம் முதுகில் சரியாக உட்காருகிறதா என்றும் பாருங்கள். முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்தரை, ஆறு வயதாகும். 350 கிலோ குதிரை என்றால் சேணத்தோடு சேர்த்து 50, 55 கிலோவுக்கு மேல் மூன்றரை வயதில் நான் ஏற்றுவதில்லை.

சந்தையில் வாங்கும் சில குதிரைகள் முள் கடிவாளத்தோடு வரும். இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளிலேயே முள் கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது. இன்றைக்கும் அதைக் குட்டியின் வாயில் பார்க்கும்போது எனக்கு மனசு கொதிக்கும். வாங்கிய அன்றே கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்னாஃபில் என்ற வழவழப்பான சாதாரணக் கடிவாளத்தை மாட்டுங்கள். வாய் வலிக்குப் பயந்த குதிரை மேல் யாருக்கும் நம்பிக்கை வராது.

இனி உங்கள் பக்கம். பைக் ஹெல்மெட் வேண்டாம், குதிரையேற்றத்துக்கென்று செய்த ஹெல்மெட்டே வேண்டும். ஸ்டிரப்பில், அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையத்தில், கால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, குதிகால் உள்ள பூட்ஸ் வேண்டும். கழுத்துவார் ஒன்றும் வாங்குங்கள். குதிரையின் கழுத்தைச் சுற்றிக் கட்டும் வெறும் தோல் பட்டைதான் அது. குதிரை துள்ளும்போது நம் கை எதையாவது பிடிக்கத் தேடும். பட்டை இல்லையென்றால் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்குவோம், அதன் வாய் வலிக்கும், இன்னும் துள்ளும். பட்டையில் ஒரு விரலை நுழைத்து வைத்திருந்தாலே போதும், மனசு பாதி அடங்கும். பெரிய ரைடர்களும் பயன்படுத்துவதுதான், கூச்சப்பட ஒன்றுமில்லை.

தரையில் செய்யும் வேலையை அவசரப்படுத்தாதீர்கள். பயத்தில் முக்கால்வாசி இங்கேதான் போகும். நடத்திப் போகும்போது நீங்கள் நின்றால் அதுவும் நிற்க வேண்டும். மார்பில் விரல் வைத்தால் பின்னால் போக வேண்டும். கழுத்தை லேசாக உங்கள் பக்கம் திருப்பினால் பின்னங்கால் ஒன்றை ஒன்று தாண்டி விலக வேண்டும். இதையெல்லாம் இரண்டு பக்கமிருந்தும் செய்து பாருங்கள். அப்புறம் லஞ்ச் கயிற்றில் கொஞ்ச நேரம், அதாவது நீளக் கயிற்றில் பிடித்து நம்மைச் சுற்றி வட்டமாகப் போக விடுவது. களைக்க வைப்பதற்காக லஞ்ச் போடுவது எனக்குப் பிடிக்காது. சின்ன வட்டத்தில் அதிகம் சுற்றினால் இளங்கால்கள் கெடும், நாளுக்கு நாள் தெம்பும் கூடிக்கொண்டே போகும். அன்றைக்கு அதன் மனநிலை எப்படி என்று பார்க்கத்தான் லஞ்ச். காது தளர்ந்து, தலை இறங்கி, மூச்சு சீராக இருந்தால் ஏறலாம். வாலை இறுக்கிக்கொண்டு முதுகை வில்லாக வளைத்து நின்றால் ஏறாதீர்கள். அன்றைக்குத் தரை வேலையோடு முடித்துக்கொண்டால் ஒரு குறையும் இல்லை.

ஏறும்போது எப்போதும் ஒரு ஆள் தலைப்பக்கம் நிற்க வேண்டும். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "அண்ணா, கயித்த இறுக்காதீங்க, பேசிக்கிட்டே நில்லுங்க." ஏறு மேடை ஒன்றும் வேண்டும். தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணம் இழுத்து முதுகு வலிக்கும். முதலில் மேடையில் நின்று சேணத்தின் மேல் சாய்ந்து எடையைக் கொடுங்கள், எடுங்கள். பிறகு ஏறி மெதுவாக உட்காருங்கள், உடனே இறங்கிவிடுங்கள். ஏறியதும் நடக்கக் கூடாது என்று குதிரைக்குப் புரியும் வரை இதுதான் பாடம். நீங்கள் வார்களைச் சரிசெய்து, ஒரு முறை நீளமாக மூச்சு விட்டு, "வா" என்ற பிறகே அது நகர வேண்டும்.

இறங்கிப் பழகுவதையும் ஒரு தனிப் பாடமாக வையுங்கள். இரண்டு காலையும் ஸ்டிரப்பிலிருந்து எடுத்து, கழுத்தில் கை ஊன்றிச் சட்டென்று குதிப்பது. நிற்கும்போதும் வாக்கிலும், முதலில் வயதான குதிரையில் செய்து பழகுங்கள்.

அடுத்தது ஒற்றை வாரில் நிறுத்துவது. வாக்கில் போகும்போது ஒரு பக்க வாரை மட்டும் மெதுவாக முழங்கால் பக்கம் கொண்டு வாருங்கள். கழுத்து வளையும், பின்னங்கால் விலகும், நின்றுவிடும். நின்ற நொடியிலேயே வாரை விடுங்கள். அந்த விடுதலைதான் குதிரைக்குச் சம்பளம். இரண்டு வாரையும் சேர்த்து இழுத்தால் குட்டி அதன் மேல் சாய்ந்து இன்னும் வேகமாகப் போகும். ஆனால் முழு ஓட்டத்தில் தலையைச் சட்டென்று ஒரு பக்கம் இழுக்காதீர்கள், குதிரையே விழுந்துவிடும். அப்போது பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். இதெல்லாம் வாக்கில் சலிக்கும் அளவுக்குப் பழகியிருந்தால்தான் வேகத்தில் கை தானாக வரும்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும். பயந்தால் நாம் மூச்சை அடக்குவோம், முன்னால் குனிவோம், தொடையால் இறுக்குவோம், குதிகால் மேலே போகும். இறுக்கிய கால் குதிரைக்கு "ஓடு" என்று சொல்கிறது. இழுத்த கை "நில்" என்கிறது. பாவம், அது என்ன செய்யும்? மின்னியை வாங்கிய வீட்டில் அதை ஓட்டும் பெண்ணிடம் நான் முதலில் சொன்னது பாடச் சொல்லித்தான். எந்தப் பாட்டானாலும் சரி, வாய்விட்டுப் பாட வேண்டும். பாடும்போது மூச்சை அடக்க முடியாது, தாடை இறுகாது. நாலு அடிக்கு ஒரு வரி என்று வாக்கின் தாளத்தோடு பாடினால் இடுப்பும் தானாக இளகும். பார்வை குதிரையின் காதுகளுக்கு இடையே தூரத்தில், போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும். கழுத்தையே குனிந்து பார்த்தால் உங்கள் எடை முன்னால் சரியும்.

பதினைந்து, இருபது நிமிடம் போதும். கொஞ்சம் வாக், சின்னச் சின்னதாக ட்ராட், நிறைய நிறுத்தம். நம் வெயிலுக்குக் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். நன்றாகச் செய்யும்போதே இறங்குங்கள், "இன்னும் ஒரு ரவுண்டு" வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் குட்டிகள் அதிகம் மிரள்வது மயிலுக்கு. புதரிலிருந்து சடசடவென்று எழும். தென்னை மட்டை விழும் சத்தம், காற்றில் அடிக்கும் தார்ப்பாய், திருவிழா மேளம் எல்லாம் அப்புறம்தான். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தவிர, சுற்றிலும் ஏறக்குறைய 350 டிகிரி தெரியும். ஆனால் வெயிலிலிருந்து தோப்பு நிழலுக்குள் போனால் அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரமாகும். அதனால் நிழல் எல்லையில் நின்று, அதைப் பார்க்க விட்டு, பிறகு போங்கள். மிரண்டால் அடிக்காதீர்கள். அடித்தால் மயிலோடு அடியும் சேர்ந்து நினைவில் நிற்கும். தலையை மிரண்ட பொருளிலிருந்து கொஞ்சம் விலக்கி, பெரிய வளைவாகத் தாண்டிப் போங்கள். திரும்பி வரும்போது அதே தார்ப்பாய் மறுபக்கத்திலிருந்து புதிதாகத் தெரியலாம், மறுபடி மிரளலாம். எதிர்பார்த்தே வாருங்கள். முதல் சில வாரம் வெளியே போகும்போது வயதான, அமைதியான குதிரை ஒன்று முன்னால் போகட்டும். முதல் கேன்டரும் அதன் பின்னால், லேசான மேட்டில் ஏறும்போது செய்வது நல்லது. மேட்டில் துள்ளுவதும் கஷ்டம், வேகம் கூடுவதும் கஷ்டம்.

தீனியைக் கவனியுங்கள். வேலை குறைவாக இருக்கும்போது கொள்ளும் ஓட்ஸும் அள்ளிப் போட்டால் தெம்பு எங்கே போகும்? குதிரை மசால் என்ற பசுந்தீவனமும் புல்லும் அதிகமாக, தானியம் குறைவாக இருக்கட்டும். நாள் முழுக்க லாயத்தில் கட்டிப் போடாமல் திறந்த இடத்தில் விடுங்கள்.

விழுந்தால் உடனே மறுபடி ஏற வேண்டும் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தலை பட்டிருந்தால் அன்றைக்கு ஏறவே கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும், அந்த ஹெல்மெட்டையும் மாற்ற வேண்டும். அடி இல்லையென்றாலும் கை நடுங்கும்போது ஏறி என்ன கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள்? கொஞ்சம் நடத்திவிட்டு லாயத்தில் விடுங்கள்.

ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கியபடியே ஏறுகிறீர்கள் என்றால் பழக்கியவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். அவர் ஓட்டும்போது டீ குடிக்கப் போய்விடாமல், எந்த இடத்தில் மூச்சு விடுகிறார், எப்போது வாரைத் தளர்த்துகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். புரியாததைக் கேளுங்கள். அவர் இறங்கியதும், சூடு ஆறுவதற்குள், அதே குதிரையில் நீங்கள் ஏறி ஐந்து நிமிடம் வாக் மட்டும் போய்விட்டு இறங்குங்கள்.