அடுத்த பப் 200 கிலோமீட்டர்: ஊட்னடாட்டா பாதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு ஆஸ்திரேலியாவில் மரீ என்ற சிற்றூரில் தொடங்கி மார்லாவில் முடிகிற ஊட்னடாட்டா பாதை சுமார் 620 கிலோமீட்டர் மண்ரோடு. 1980 வரை 'கான்' (Ghan) என்ற ரயில் ஓடிய பழைய தண்டவாளத்தை ஒட்டியே போகும். வழியில் ஊர் என்று சொல்ல வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா, இரண்டுதான். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர்.

வில்லியம் க்ரீக்கில் 'ஹோட்டல்' என்று போர்டு பார்த்ததும் என் நண்பன் கேட்டான்: "டேய், தோசை கிடைக்குமாடா?" அங்கே ஹோட்டல் என்றால் பப். மது விற்க உரிமம் வேண்டுமென்றால் தங்க அறையும் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் சட்டம் இருந்ததால் வந்த பெயர் அது. பெயரை விடுங்கள், அதை வெறும் பீர்க் கடையாக நினைப்பதுதான் முதல் தவறு. பெட்ரோல், சாப்பாடு, படுக்கை, ரோடு பற்றிய செய்தி எல்லாம் அந்த ஒரே கூரையைச் சுற்றித்தான். நாங்கள் குடித்தோம், போட்டோ எடுத்தோம், கிளம்பிவிட்டோம். முன்னால் ரோடு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முந்தின நாள் மழையில் சேறான இடத்தில் ஒன்றரை மணி நேரம் மண்வெட்டி பிடித்திருக்க மாட்டோம். மழை பெய்தால் ரோட்டையே மூடிவிடுவார்கள். மூடிய ரோட்டில் வண்டி விட்டால் அபராதம் உண்டு, அதனால் திறக்கும்வரை பப்பிலேயே கிடக்க வேண்டியதுதான். திட்டத்தில் இரண்டு நாள் உபரியாக வைக்காமல் போகாதீர்கள்.

டேங்க் பாதி இருக்கிறதே, அடுத்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. பங்க் பார்த்த இடத்திலெல்லாம் நிரப்புங்கள். விலையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அதுவும் லாரியில் அவ்வளவு தூரம் வந்ததுதான். டயரில் தார்ரோட்டுக் காற்றோடேயே ஜல்லியில் 100-இல் பறப்பதும் இதே வகை அசட்டுத் துணிச்சல். காற்றைக் கொஞ்சம் இறக்கி, வேகத்தையும் குறைக்க வேண்டும். மறுபடி ஏற்ற பம்ப் கையில் இருக்கட்டும். ஸ்டெப்னி இரண்டு இருந்தால் நிம்மதி. வாடகை வண்டி என்றால் மண்ரோட்டுக்குக் காப்பீடு உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் கிடையாது.

உயிரை வாங்குகிற தவறு ஒன்று உண்டு: வண்டி நின்றுவிட்டால் இறங்கி நடப்பது. 1998 டிசம்பரில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு ஜோடியின் வண்டி ஏர் (Eyre) என்ற ஏரியின் கரையில் மணலில் புதைந்தது. வில்லியம் க்ரீக் சுமார் 60 கிலோமீட்டர். அங்கே போய்விடலாம் என்று நடந்த பெண் வழியிலேயே இறந்துபோனார். வண்டியருகே இருந்த துணைவர் பிழைத்தார். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று பதிவான வெப்பம் 50.7 டிகிரி செல்சியஸ். அந்த வெயிலில் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? வண்டி நிழல் தரும், மேலிருந்து தேடுகிறவர் கண்ணிலும் மனிதனைவிடச் சீக்கிரம் படும். ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் கணக்கில் தண்ணீர் வையுங்கள். பப்புகளுக்கு நடுவே செல்போன் சிக்னலை நம்ப முடியாது, சாட்டிலைட் போனோ, ஆபத்தில் இருக்கும் இடத்தைச் சிக்னலில் தெரிவிக்கும் அவசர பீக்கனோ வாடகைக்கு எடுக்கலாம். ஊரில் ஒருவரிடம், "நாளை ராத்திரி எட்டு மணிக்குள் நான் பேசாவிட்டால் போலீசுக்குச் சொல்" என்று நேரம் குறித்துச் சொல்லிவிட்டுப் போங்கள். 'போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன்' என்றால் யாரும் தேட மாட்டார்கள். மே முதல் செப்டம்பருக்குள் போனால் இந்தக் கவலையில் பாதி குறையும்.

இனி குடி. அங்கே 'ஷவுட்' என்றொரு வழக்கம். ஒருவர் எல்லாருக்கும் வாங்கித் தருவார், அடுத்த சுற்று உங்களுடையது. நழுவினால் மரியாதை போச்சு. வண்டி ஓட்டுகிறவர் முதல் சுற்றிலேயே ஒதுங்கிக்கொள்வது நல்லது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஓட்டுகிறவர் ரத்தத்தில் மதுவுக்குச் சட்ட வரம்பு 0.05 சதவீதம், பாலைவனத்துக்கென்று தனிச் சலுகை கிடையாது. இன்னொரு குழப்பம்: சிட்னியில் ஸ்கூனர் என்ற பீர் கிளாஸ் கேட்டால் 425 மில்லி வரும், தெற்கு ஆஸ்திரேலியாவில் அதே பெயருக்கு 285 மில்லிதான். இங்கே 425 மில்லிக்குப் பெயர் பைண்ட். சிட்னி பழக்கத்தில் எண்ணினால் கணக்கு தப்பும்.

நாங்கள் செய்த கடைசிக் கூத்து, பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டியது. கங்காரு வெளியே வருவது அந்த நேரத்தில்தான். ஊர்ந்து ஊர்ந்து பப்பைச் சேர்ந்தபோது மணி எட்டேகால், சமையலறை எட்டுக்கே மூடியாயிற்று. சைவக்காரனான நண்பனுக்கு ராத்திரிச் சாப்பாடு இரண்டு பாக்கெட் சிப்ஸ். அடுத்த பயணத்துக்கு அவன் பருப்புப்பொடியும் ஒரு சின்ன ரைஸ் குக்கரும் எடுத்து வந்தான்.