டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு ஓயாத சளியா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

என் மகனுக்கு இரண்டு வயது வரை சளி விட்ட மாதமே கிடையாது. யார் கேட்டாலும், "இந்தப் பிள்ளைகளுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். அப்படிச் சொல்லிவிட்டால், வேறு காரணத்தைத் தேடவே தோன்றாது.

அது பாதி உண்மைதான். இவர்களுக்கு, வெள்ளணுக்களைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி சிறியது. தொற்றை எதிர்க்கும் டி, பி வகை வெள்ளணுக்கள் குறைவு. ஆனால் வைரஸைக் கண்டதும் உடம்பை உசுப்பும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் செய்தியை வாங்கும் ஏற்பிகளில் நான்கின் மரபணுக்கள் இருப்பது 21ஆம் குரோமோசோமில். அது இவர்களுக்கு மூன்று பிரதியாக இருப்பதால், அழற்சி தேவைக்கு மேல் எகிறுவதும் உண்டு. சக்தி கூடிக் கிடக்கும் இடமும் குறைந்து கிடக்கும் இடமும் ஒரே உடம்பில்! எனவே "இம்யூனிட்டி" டானிக்குகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். துத்தநாகம் (ஜிங்க்) கொடுத்தால் தொற்று குறையும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால் டாக்டர் தருவார்.

நாங்கள் கோட்டைவிட்டது புரையேறுதலை. புரையேறினால் குழந்தை இருமும் என்றுதானே நினைப்போம்? தசை தளர்ந்த இந்தக் குழந்தைகளுக்கு இருமலே வராமல் பாலும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் மகனின் குரல் ஈரமாக, கொழகொழவென்று மாறும். கண் லேசாகக் கலங்கும். கெட்டியான சாதத்துக்கு அப்படி ஆகாது. இதைத் தினமும் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. எக்ஸ்ரே வீடியோ எடுத்தபடி செய்யும் விழுங்கும் பரிசோதனையில்தான் விஷயம் தெரிந்தது. படுக்கவைத்துச் சங்கிலோ பாலாடையிலோ பால் ஊற்றாதீர்கள். மூக்கில் எண்ணெய் விடுவதையும் வாயால் ஊதுவதையும் பாட்டி சொன்னாலும் செய்யாதீர்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போனால், அதனாலேயே நிமோனியா வரலாம். சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

காய்ச்சல் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருப்பது இன்னொரு தவறு. காய்ச்சல் அதிகம் இல்லாமலே நிமோனியா முற்றியிருக்கலாம். அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். ஆர்.எஸ்.வி. போன்ற சாதாரண சளி வைரஸ்கூட இவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகலாம், இதயக் கோளாறு இல்லாவிட்டாலும்.

இதயம் என்றதும் ஒன்று. ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். "ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை" என்பதை நம்பி எக்கோ என்ற இதய ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். இதயக் கோளாறால் நுரையீரலுக்கு அதிக ரத்தம் பாயும் குழந்தைக்குச் சளி லேசில் விடாது.

குறட்டையைக் கேட்டு "அசந்து தூங்குறான்" என்று மகிழவும் வேண்டாம். உட்கார்ந்தபடி முன்னால் கவிழ்ந்து தூங்குவது, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது எல்லாம் மூச்சுப்பாதை அடைபடுவதன் அறிகுறிகள். வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் நான்கு வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்துவிட வேண்டும். சளியோடு காதுக்குள் நீர் கோத்துக்கொண்டால், கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்போம். பாவம், அவனுக்குக் கேட்டிருக்காது.

லேசான சளிக்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதும் வழக்கமாக நடக்கிறது. இவர்களுக்கு ஊசியால் உருவாகும் எதிர்ப்பொருள் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆகவே தவணைகளை விடாமல் போடுவதுதான் முக்கியம். நிமோகாக்கல் ஊசி அரசுப் பட்டியலில் உள்ளது, இலவசம். இன்ஃப்ளுயன்சா ஊசி அதில் இல்லை. ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஆண்டுதோறும் நீங்கள்தான் கேட்டுப் போட வேண்டும்.

பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். நிமோனியா ஒவ்வொரு முறையும் நுரையீரலின் ஒரே இடத்தில் வருகிறதா, இடம் மாறி மாறி வருகிறதா என்பதை வைத்து டாக்டர் தேடும் பாதையே மாறும். எங்களுடையதில் நான்கு படங்களிலும் வலது பக்கம்தான் வெள்ளையாக இருந்தது.