ரங்கூனில் உட்கார்ந்து கதையும் விமர்சனமும் எழுதுகிறவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருஷங்களுக்கு முன்னால் 1942 நடைப்பயணத்தைப் பற்றி ஒரு சிறுகதை எழுதி, கோயில் மண்டபத்தில் பத்துப் பேர் முன்னால் வாசித்தேன். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஒரு குடும்பம் ரங்கூனை விட்டுக் கிளம்பி எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடக்கிறது, அம்மாவின் இடுப்பில் பித்தளைக் குடம், குடம் வெயிலில் மின்னுகிறது, இப்படிப் போகும் கதை. எல்லாரும் 'உச்' கொட்டினார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, ஏழு வயதில் அந்த வழியாக நடந்துபோய்ப் போர் முடிந்ததும் திரும்பி வந்தவர், அவர் மட்டும், "ஏம்ப்பா, பித்தளைக் குடத்தத் தூக்கிக்கிட்டு எவ நடப்பா? மூணாம் நாளே வீசிட்டுப் போயிருப்பா. எங்கம்மா ஒரு தகர டப்பாவுலதான் கயிறு கட்டிக் கழுத்துல மாட்டியிருந்துச்சு" என்றார்.

அந்தக் குடம் எங்கிருந்து வந்தது என்று அப்புறம் யோசித்தேன். ஊரிலிருந்து யாரோ பெட்டியில் கொண்டுவந்த பழைய வார இதழ்களில், கிணற்றடிக் கதைகளில் பார்த்த குடம் அது. இதைவிட வெட்கக்கேடு, அதற்கு ரெண்டு மாதம் முன்புதான் இன்னொருவர் கதையை "இரவல் சித்திரிப்பு" என்று கிழித்து எழுதியிருந்தேன். கதை எழுதுகிறவனும் நான்தான், விமர்சனம் எழுதுகிறவனும் நான்தான், ஆனால் அடுத்தவன் பக்கத்தில் பார்த்த கண் என் பக்கத்துக்கு வரும்போது தூங்கிப்போய்விட்டது.

1942-ஐப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் நடந்தவர்களைக் கேளுங்கள், இல்லையென்றால் நடந்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். இங்கே ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மா அந்த வருஷம் இந்தியாவுக்கு நடந்தே போனவர், அதை எழுதியும் வைத்திருக்கிறார். கையெட்டும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டுக் கற்பனைக் குதிரையைத் தட்டிவிடுவது சோம்பேறித்தனம்.

காலப்பிழை இன்னொரு தலைவலி. 1960-இல் நடக்கும் கதையில் ரங்கூன் தெருவில் கார் வலப்பக்கம் போகக்கூடாது, இந்த நாடு வலப்பக்கத்துக்கு மாறியது 1970 டிசம்பரில். 1965-இல் ஒரு கதாபாத்திரம் தலையணைக்குள்ளிருந்து பழைய நூறு கியாட் தாள்களை எடுத்து எண்ணினால் அது வெறும் காகிதம், 1964 மே மாதமே ஐம்பதும் நூறும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் தாள்கள் போய், அப்புறம் 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் தாள்கள் வந்தன. கடைக்காரர் மீதி கொடுக்கக் கணக்குப் போடும் ஒரு காட்சியை இந்தத் தாள்களை வைத்தே எழுதிவிடலாம், யாரும் எழுதவில்லையே என்று எனக்கு ஆதங்கம். ரங்கூனை ஆங்கிலத்தில் 'யாங்கூன்' என்று மாற்றியது 1989-இல், அதற்கு முன்னால் நடக்கிற கதையில் அரசாங்கக் காகிதத்தில் அப்படி அச்சடித்திருக்காது. இங்கே லுங்கியை ஆண்கள் முன்னால் முடிச்சுப் போடுவார்கள், பெண்கள் பக்கவாட்டில் செருகுவார்கள். 'ஊ' என்பது பெயரில்லை, பெரியவர்களுக்குப் போடும் மரியாதை. பிரதமராக இருந்த ஊ நூ, ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட் எல்லாம் அப்படித்தான். ஒரு கதையில் மனைவி கணவனை "மிஸ்டர் ஊ" என்று கொஞ்சுவதைப் படித்துவிட்டு நான் டீயைக் கொட்டிக்கொண்டேன்.

பேச்சுக்கு வருவோம். அறுபதுகளில் தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு எங்கள் தலைமுறை தமிழ் படித்தது கோயில் வகுப்பில்தான், அதனால் எங்கள் தமிழ் குறைந்தது என்று ஒரு கூச்சம் உள்ளே கிடக்கிறது. அந்தக் கூச்சத்தில் கதாபாத்திரங்களுக்குச் சென்னைச் சினிமாத் தமிழை மாட்டிவிடுகிறோம். என் ஆரம்பக் கதைகளில் டீக்கடைக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தவன் "மச்சான், ஒரு சிங்கிள்" என்பான். நிஜத்தில் அவன் லபேயே என்கிற பால் டீயைப் பர்மியத்தில் கேட்பான், பில்லையும் பர்மியத்தில் எண்ணுவான், மேஜையில் சும்மா வைத்திருக்கும் பச்சைத் தேநீரை ஊற்றிக்கொண்டே தம்பியைத் தமிழில் திட்டுவான். அந்த மாற்றம் எந்த இடத்தில் நடக்கிறது என்று கவனித்தாலே பாதிக் கதை கிடைத்துவிடும்.

விமர்சனத்தில் நாம் செய்வது மொய் எழுதுவது. அவர் என் புத்தகத்தைப் பாராட்டினார், நான் அவர் புத்தகத்தைப் பாராட்டுகிறேன். எனக்குப் புரிகிறது, சின்ன ஊர். இன்றைக்குத் திட்டி எழுதினால் அடுத்த வாரம் தீமிதிக்கு அவர் பக்கத்தில்தான் நிற்க வேண்டும், அவர் மச்சினன்தான் கோயில் கமிட்டியில் இருப்பார். அதற்காக "பர்மாத் தமிழரின் வலியை உரக்கச் சொல்லும் படைப்பு" என்று எழுதித் தப்பிக்காதீர்கள், அந்த வரியை எந்தப் புத்தகத்தின் மேலும் ஒட்டலாம். ஒரு பத்தியை எடுத்துப் போட்டு, இது ஏன் நிற்கிறது, எந்த வரியில் சரிகிறது என்று காட்டுங்கள். இப்படி எழுதியபோது கோபித்துக்கொண்டவர்களும் படித்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டார்கள், மொய் விமர்சனத்தை ஆசிரியரே கடைசிவரை படிப்பதில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நான் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறவன் என்பதற்காக நீளமாக எழுதுகிறவர்களை எல்லாம் வளவளா என்று கொஞ்சகாலம் அடித்துக்கொண்டிருந்தேன். அது விமர்சனம் இல்லை, என் கடைக்கு நானே போட்ட விளம்பரம்.

அப்புறம், கதையின் முதல் பிரதி எழுதும்போது விமர்சகனை அறைக்குள் விடாதீர்கள். நான் காலையில் கடை திறப்பதற்கு முன் கதை எழுதுகிறேன், நோட்டில், கையால் (கரண்ட் போனாலும் நோட்டு போகாது). விமர்சனம் ராத்திரிக்கு. ஒரே மேஜையில் ரெண்டையும் செய்த வருஷம் முதல் பத்தியைப் பதினோரு தடவை எழுதினேன், ரெண்டாவது பத்தி வரவேயில்லை.

இங்கே அந்த அறைக்குள் இன்னொரு ஆளும் உட்கார்ந்திருக்கிறார். 2012 ஆகஸ்ட் வரைக்கும் எதையும் அச்சடிக்கும் முன் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். அச்சான பத்திரிகையிலேயே பக்கத்தைக் கிழிக்கவும் மை பூசவும் சொன்ன காலமும் உண்டு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை, யாரும் கேட்காமலே வெட்டிக்கொள்ளும். எதை வெளியிடுவது என்பது உங்கள் பாதுகாப்பைப் பொறுத்தது, அதில் நான் வீரம் பேச மாட்டேன். நோட்டில் மட்டும் முழுசாக எழுதிவிடுங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக: வராது. கையில் இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

அந்தக் குடக் கதையைத் திருத்தினேன். தகர டப்பா, கயிறு, அம்மாவின் கழுத்தில் கயிறு அறுத்த தடம், டப்பாவுக்குள் தளும்பும் தண்ணீர் எல்லாம் எழுதி, பாட்டி வீட்டுக்கே போய் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "டப்பா சரி" என்றார். "தண்ணினு யாருப்பா சொன்னா? அரிசி."