உழைத்தும் மதிப்பெண் ஏறவில்லையா? கல்லூரி விண்ணப்பத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடத்தை மூன்று தடவை படித்தாகிவிட்டது, பக்கமெல்லாம் மஞ்சள் கோடு. ஆனாலும் தேர்வு அறையில் பேனா ஓட மறுக்கிறது. படிக்காமல் மதிப்பெண் இழப்பவர்களைவிட, இப்படி விழுந்து விழுந்து படித்தும் இழப்பவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் அதிகம் வலிக்கிறது.

திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் பழகிய முகம்போல ஆகிவிடும். அந்தப் பழக்கத்தையே 'தெரிந்துவிட்டது' என்று நம்பிவிடுகிறோம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இரண்டு முறை படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். ஒரே முறை படித்து, பிறகு பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் நின்றது. மற்றவர்களுக்கு 42 சதவீதம்தான்.

ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெற்றுத்தாளை எடுங்கள். ஒளிச்சேர்க்கை எங்கே நடக்கிறது, எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று எழுதுங்கள். பசுங்கணிகம் சட்டென்று வந்துவிடும், ஒளிவினையும் வரும். இருள்வினையில் கை நின்றுவிடும். அன்றைக்குப் படிக்க வேண்டியது அந்த ஒரு பகுதிதான். ஆசிரியரிடம் போனாலும் 'புரியவில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், நின்ற இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

கணக்கில், தீர்வைப் படித்துத் தலையாட்டுவது போதாது. தீர்வை மறைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஒரே அத்தியாயத்தின் கணக்குகளையே வரிசையாகப் போடாமல், பழைய அத்தியாயங்களிலிருந்தும் கலந்து எடுங்கள். எந்த முறையில் போட வேண்டும் என்று வினாத்தாள் சொல்லாது.

திருத்திய விடைத்தாளில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பைக்குள் திணிப்பதுதான் என் கணிப்பில் மிகப் பெரிய தவறு. தெரியாமல் போனதா, தெரிந்தும் மறந்ததா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, கூட்டல் பிழையா? போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். பாதி இழப்பு ஒரே காரணத்தால் என்றுகூடத் தெரியவரலாம்; அப்போது புதிதாக எதையும் படிக்காமலே மதிப்பெண் கூடும்.

தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிப்பதும் வேண்டாம். 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. படித்தது மனத்தில் நன்றாகப் பதியவும் தூக்கம் உதவுகிறது. கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

கடைசிப் பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நான்கு பருவங்களின் சராசரி 70 என்றால், ஐந்தாவதில் 90 வாங்கினாலும் மொத்தச் சராசரி 74-தான். சேர விரும்பும் கல்லூரி எந்தெந்த ஆண்டு மதிப்பெண்களைப் பார்க்கிறது, எந்தப் பாடத்துக்கு முக்கியத்துவம் தருகிறது என்று இப்போதே அதன் சேர்க்கை விதிகளைப் படித்து, அந்தப் பாடத்திலிருந்து தொடங்குங்கள்.